கணவனைக் கொன்ற மனைவிக்குத் தீ: இங்கிலாந்தின் பழைய சட்டம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் குற்றவியல் சட்ட வரலாற்றைப் பற்றிப் பேசும் கூட்டங்களில், கணவனைக் கொன்ற மனைவியரை அந்நாட்டுச் சட்டம் நெருப்பிலிட்டது என்ற இடத்துக்கு வந்ததும் கேட்பவர்கள் இடைமறித்துவிடுகிறார்கள். அப்போது எழும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. அவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே, எளியவற்றை முன்னும் சிக்கலானவற்றைப் பின்னுமாக இங்கே தொகுத்திருக்கிறேன்.

கணவனைக் கொன்ற பெண்ணை எரித்துக் கொன்றார்கள் என்பது உண்மையா, கட்டுக்கதையா?

உண்மை. ஊர் மக்கள் கூடித் தாமாகச் செய்ததோ, எங்கோ ஒருமுறை நிகழ்ந்ததோ அன்று. நீதிபதி வாசித்த தீர்ப்பிலேயே அத்தண்டனை இருந்தது. 1790ஆம் ஆண்டு வரை அதுவே நடப்புச் சட்டம்.

கென்ட் பகுதியிலுள்ள ஃபேவர்ஷாம் நகரின் முன்னாள் மேயரான தாமஸ் ஆர்டனைக் கொல்லச் செய்த அவருடைய மனைவி ஆலிஸ், 1551இல் கேன்டர்பரியில் எரிக்கப்பட்டார். கேத்தரின் ஹேய்ஸ் 1726இல் லண்டனின் டைபர்னிலும், மேரி பெய்லி 1784இல் வின்செஸ்டரிலும் அதே முடிவை அடைந்தார்கள். ஆலிஸுக்கும் மேரிக்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலம் கடந்திருக்கிறது. அதற்குள் அரச வம்சங்கள் மாறின, நாட்டின் சமயம் மாறியது, ஓர் அரசரின் தலையே வெட்டப்பட்டது. இந்தத் தண்டனை மட்டும் மாறவில்லை.

எப்படிப் பார்த்தாலும் அது கொலைதானே? அதற்கு ஏன் தனிச் சட்டம்?

சட்டம் அதைக் கொலை என்பதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. துரோகம் என்று வகைப்படுத்தியது. மூன்றாம் எட்வர்டின் ஆட்சியில் 1351இல் இயற்றப்பட்ட துரோகச் சட்டம் இரண்டு வகைத் துரோகங்களை வரையறுத்தது. அரசருக்கும் நாட்டுக்கும் எதிரானது பெருந்துரோகம். ‘பெட்டி ட்ரீசன்’ எனப்பட்ட மற்றொன்றை இங்கே சிறுதுரோகம் என்று குறிப்பிடுகிறேன். வேலையாள் தன் எசமானரைக் கொல்வது, மனைவி தன் கணவனைக் கொல்வது, திருச்சபை ஊழியர் தமக்கு மேலான குருவைக் கொல்வது ஆகிய மூன்றும் சிறுதுரோகமாயின.

மூன்றிலும் இறப்பவர் மேலே இருப்பவர். கொல்பவர் அவருக்கு விசுவாசமும் கீழ்ப்படிதலும் கடமைப்பட்டவர். குடிமக்களுக்கு அரசர் எப்படியோ, வீட்டாருக்கு வீட்டுத்தலைவன் அப்படி என்பதே இதன் அடிப்படை. ஆகவே கணவனைக் கொன்றவள் ஓர் உயிரைப் பறித்ததோடு, ஓர் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தவளாகவும் கருதப்பட்டாள். என் வாசிப்பில், தூக்கு அந்தக் கொலைக்கு உரியது. தீ அந்தக் கிளர்ச்சிக்கு உரியது. கீழே வரும் பல விசித்திரமான விதிகள் இதை மனத்தில் வைத்துப் படித்தால்தான் பிடிபடும்.

அப்படியென்றால் கணவன் மனைவியைக் கொன்றால் என்ன தண்டனை?

அது சாதாரணக் கொலை. முன்பின் தெரியாத ஒருவரைக் கொன்றவனுக்கு என்ன தண்டனையோ அதுவே, அதாவது தூக்கு. மனைவி கணவனுக்குக் கீழ்ப்பட்டவள் என்பதால் அவளுக்கு எதிராக அவன் துரோகம் இழைக்கச் சட்டத்தில் வழியே இல்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிளாக்ஸ்டன் எழுதிய புகழ்பெற்ற சட்ட விளக்க நூலுக்குக் குறிப்புகள் எழுதிய எட்வர்ட் கிறிஸ்டியன் இந்த வேற்றுமையை வெளிப்படையாகவே எடுத்துக்காட்டினார். கணவன் மனைவியைக் கொன்றால் அந்நியரைக் கொன்றது போலவும், மனைவி கணவனைக் கொன்றால் அரசரையே கொன்றது போலவும் தண்டிக்கப்படுகிறார்கள் என்பது அவர் எழுதியதன் சாரம்.

ஒரே குற்றத்துக்கு ஆணைத் தூக்கிலிட்டுப் பெண்ணை மட்டும் எரித்தது ஏன்?

சிறுதுரோகம் செய்த ஆணை ஒரு மரச் சட்டத்தில் கிடத்திக் குதிரையால் தூக்குமேடைக்கு இழுத்துச் சென்று தூக்கிலிட்டார்கள். பெண்ணையும் அவ்வாறே இழுத்துச் சென்று எரித்தார்கள். 1763இல் சஃபோக் பகுதியில் ஜான் பெடிங்ஃபீல்டு என்ற விவசாயியைக் கொன்ற வழக்கில் இரண்டையும் ஒருசேரக் காணலாம். அவருடைய மனைவி ஆன், பண்ணையாள் ரிச்சர்ட் ரிஞ்ச் ஆகிய இருவருக்கும் சிறுதுரோகக் குற்றமே உறுதியானது. இப்ஸ்விச் நகரை அடுத்த ரஷ்மியரில் ஒரே நாளில் அவன் தூக்கிலிடப்பட்டான், அவர் எரிக்கப்பட்டார்.

இதற்குப் பிளாக்ஸ்டன் 1769இல் கூறிய விளக்கம் பெண்மைக்குரிய கண்ணியம் என்பது. பெருந்துரோகம் செய்த ஆணின் உடலைப் பொது இடத்தில் அறுத்து நான்காகக் கூறுபோடுவது வழக்கம்; பெண்ணின் உடலை அப்படித் திறந்துகாட்டிச் சிதைப்பது தகாது என்பதால் துரோகத்துக்குப் பெண்ணுக்குத் தீ விதிக்கப்பட்டது என்றார் அவர். வேதனையில் இது அதற்குக் குறைந்ததன்று என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். பெருந்துரோகத்தைப் பொறுத்தவரை இந்த விளக்கத்தில் ஏதோ ஒரு தர்க்கம் இருக்கிறது. சிறுதுரோகத்தில் அதுவும் இல்லை: அங்கே ஆணின் உடல் அறுக்கப்படவே இல்லை, தூக்கோடு முடிந்தது. பெண்ணின் கண்ணியத்தைக் காக்கிறோம் என்று சொல்லி ஆணுக்கு விதித்ததைவிடக் கொடியதைப் பெண்ணுக்கு விதித்தார்கள் என்றே இதைப் படிக்க முடிகிறது.

உயிரோடா எரித்தார்கள்?

தீர்ப்பில் உயிரோடு எரிப்பது என்றே இருந்தது. நடைமுறையில், குறிப்பாக 18ஆம் நூற்றாண்டில், பெண்ணைக் கம்பத்தில் கட்டியபின் கழுத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, தீ அவளை எட்டுமுன் கொலைத்தண்டனைப் பணியாளர் அதை இறுக்கி உயிரைப் போக்கிவிடுவார். எந்தச் சட்டத்திலும் எழுதப்படாத இந்தச் சலுகையை மக்களின் மௌன சம்மதத்தால் வந்த தணிப்பு என்று பிளாக்ஸ்டன் குறிப்பிடுகிறார். ஆகவே பிற்காலத்தில் எரிக்கப்பட்டவர்களில் பலர் தீப்பற்றும்போது இறந்திருந்தார்கள். ஆனால் அந்தக் கருணை ஒரு மனிதரின் கையையும் ஒரு கயிற்றையும் மட்டுமே நம்பியிருந்தது.

1726 மே 9ஆம் நாள் டைபர்னில் அந்தக் கை தவறியது. கேத்தரின் ஹேய்ஸ், தாமஸ் பில்லிங்ஸ், தாமஸ் வுட் என்ற இருவருடன் சேர்ந்து தம் கணவர் ஜானைக் கொன்றார். தலையைத் துண்டித்துத் தேம்ஸ் ஆற்றில் வீசினார்கள். அது கிடைத்ததும், இன்னார் என்று யாரேனும் அடையாளம் காட்டட்டும் என்று அதிகாரிகள் வெஸ்ட்மின்ஸ்டரில் உள்ள புனித மார்கரெட் தேவாலய வளாகத்தில் ஒரு கம்பத்தில் அதைக் குத்தி வைத்தார்கள். தம்மைத் தீயில் மட்டும் இட வேண்டாம் என்று கேத்தரின் நீதிமன்றத்தில் மன்றாடியதாகப் பழைய நியூகேட் சிறை வரலாறுகள் சொல்கின்றன. தண்டனை நாளில் தீ விரைவாக மூண்டு கையைச் சுடவே, கயிற்றைப் பிடித்திருந்தவர் அதை விட்டுவிட்டார். திரண்டிருந்த கூட்டத்தின் முன்னே கேத்தரின் உயிரோடு எரிந்தார்.

ஆங்கிலேயக் குடியேற்றங்களுக்கும் இச்சட்டம் சென்றது. அமெரிக்காவின் டெலவேரில் கணவனைக் கொன்ற குற்றத்துக்காகக் கேத்தரின் பெவன் என்பவரை 1731இல் எரித்தபோது, கழுத்துக் கயிற்றையே தீ முதலில் அறுத்துவிட்டது. அவர் உயிரோடு நெருப்பில் விழுந்தார்.

சூனியக்காரிகளை எரித்தார்கள் என்று படித்திருக்கிறோமே, அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. இங்கிலாந்தில் சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. எரித்தது ஸ்காட்லாந்திலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு வழக்கே போதும். 1645இல் இப்ஸ்விச்சில் மேரி லேக்லாண்ட் என்ற மூதாட்டி சூனிய வழக்கில் எரிக்கப்பட்டார். அதே காலத்தில் கிழக்கு இங்கிலாந்தில் சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்ட மற்றவர்கள் தூக்கிலிடப்பட்டிருக்க, அவர் மட்டும் தீயில் இடப்படக் காரணம், அவர் சூனியத்தால் தம் கணவனைக் கொன்றதாகக் குற்றம் உறுதியானதே.

நம் நாட்டில் இருந்த உடன்கட்டை ஏறுதலோடு இதை ஒப்பிடலாமா?

இரண்டும் வெவ்வேறு. உடன்கட்டை ஏறிய பெண் எந்தக் குற்றமும் செய்தவள் அல்லள். அதை விதித்தது எந்த நீதிமன்றமும் அன்று. ஆயினும் இரண்டின் ஆண்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். கிழக்கிந்தியக் கம்பெனி அரசு உடன்கட்டையை வங்காளத்தில் 1829இலும் சென்னை மாகாணத்தில் 1830இலும் தடைசெய்தது. இங்கிலாந்தின் சொந்தச் சட்டப் புத்தகத்திலிருந்து பெண்ணை எரிக்கும் தண்டனை நீங்கி அப்போது நாற்பது ஆண்டுகளே ஆகியிருந்தன.

குற்றவாளி கருவுற்றிருந்தால் என்ன செய்தார்கள்?

தண்டனையைத் தள்ளிவைத்தார்கள், நீக்கவில்லை. தாம் கருவுற்றிருப்பதாக அவர் தீர்ப்புக்குப் பின் முறையிட்டால், அனுபவமுள்ள பெண்களைக் கொண்ட ஒரு தனி ஜூரி அவரைப் பரிசோதித்து, வயிற்றில் அசைவுள்ள குழந்தை இருக்கிறதா என்று சொல்லும். இருந்தால் பேறுகாலம் வரை காத்திருப்பார்கள். நடைமுறையில் அந்த இடைவெளியில் மன்னிப்புப் பெற்ற பெண்களும் உண்டு. ஆனால் கணவனுக்கு நஞ்சிட்ட குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்ட டார்செஸ்டர் நகரத்து இளம்பெண் மேரி சானிங்குக்கு அது கிட்டவில்லை. சிறையில் குழந்தை பெற்ற சில மாதங்களில், 1706இல், அந்நகரத்திலுள்ள மாம்பரி வளையம் என்ற பழைய மண்மேட்டு அரங்கில் அவர் எரிக்கப்பட்டார்.

கணவன் அடித்துத் துன்புறுத்தியதால் கொன்றிருந்தால் சட்டம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதா?

ஏட்டளவில் ஓரளவு எடுத்துக்கொண்டது. சிறுதுரோகம் என்பது கொலைக்குற்றத்தைத் தன்னுள் அடக்கியது. ஆகவே தீய உள்நோக்கம் இல்லாத இடத்தில் சிறுதுரோகமும் இல்லை. கணவன் கொல்ல வரும்போது தற்காப்புக்காக மனைவி அவனைக் கொன்றிருந்தால், அல்லது திடீர் ஆத்திரமூட்டலால் நிகழ்ந்து, அந்நியர் விஷயத்தில் கொலையாகக் கருதப்படாத அளவுக்குக் குற்றம் குறைந்திருந்தால், அவளுக்கும் தீ கிடையாது.

ஆனால் எது ஆத்திரமூட்டல் என்று தீர்மானித்தவர்கள் எத்தகைய உலகில் வாழ்ந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மனைவியை அளவோடு அடித்துத் திருத்தக் கணவனுக்கு உரிமையுண்டு என்பது பழைய பொதுச் சட்டம். அடி என்பது அவனுடைய அதிகாரத்தின் ஒரு பகுதி என்றான பிறகு அதை அவளுக்கு நேர்ந்த ஆத்திரமூட்டலாக வாதிடுவது எளிதன்று. மறுபுறம், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேடி என்பவன் தன் மனைவியோடு ஒருவன் கூடியிருக்கக் கண்டு அந்த ஆடவனைக் கொன்றான். அதைவிடப் பெரிய ஆத்திரமூட்டல் இருக்க முடியாது என்று சொல்லி, அவன் குற்றத்தைக் கொலையிலிருந்து குறைத்த நீதிமன்றம், கையில் சூடு போடும் அடையாளத் தண்டனையை விதித்தது. அந்தச் சூட்டையும் மென்மையாகப் போடும்படி சொன்னது. மேடி கொன்றது மனைவியை அல்ல என்பதால் இவ்வழக்குகள் சரிநிகரானவை அல்ல. ஆனாலும் யாருடைய கோபத்தைச் சட்டத்தால் புரிந்துகொள்ள முடிந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

திருமணமான பெண்ணுக்குத் தனி ஆளுமையே இல்லை என்ற சட்டம், அவளை மட்டும் எப்படித் தனியாகத் தண்டித்தது?

கூர்மையான கேள்வி. திருமணத்தால் கணவனும் மனைவியும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாகிறார்கள், அந்த ஆள் கணவனே என்பது அக்காலக் கோட்பாடு. அவளுக்குத் தனிச் சொத்தில்லை. அவன் இன்றி வழக்குத் தொடர முடியாது. கணவன் உடனிருக்க அவள் திருடினால், அவன் வற்புறுத்தலால் செய்தாள் என்று ஊகித்து விட்டுவிடும் அளவுக்கு இது சென்றது. இந்த ஊகம் 1925இல்தான் இங்கிலாந்தில் நீக்கப்பட்டது.

ஆனால் அந்த ஊகம் கொலைக்கும் துரோகத்துக்கும் பொருந்தாது என்று சட்ட நூலோர் விலக்கு வைத்திருந்தார்கள். சொத்து வாங்கவும் ஒப்பந்தம் செய்யவும் இல்லாத ஆளுமை, தண்டனை என்று வரும்போது அவளுக்கு முழுமையாக வந்துவிட்டது.

கணவனைப் பிரிந்து வாழ்ந்த பெண்ணுக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். திருச்சபை நீதிமன்றங்கள் அளித்துவந்த பிரிவு, ஒன்றாக வாழ வேண்டிய கடமையிலிருந்து மட்டுமே விடுவித்தது; திருமண பந்தம் அறுபடவில்லை. பந்தம் இருக்கும்வரை கீழ்ப்படிதலும் இருக்கிறது, கீழ்ப்படிதல் இருக்கும்வரை துரோகமும் சாத்தியம் என்பதே சட்ட அறிஞர்களின் முடிவு. முழு மணவிலக்குப் பெற நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 1857ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அது செல்வர்களுக்கே எட்டியது.

தானே கொல்லாமல் ஆள் வைத்துக் கொன்றிருந்தால்?

அப்போது அவள் எங்கே இருந்தாள் என்பதைப் பொறுத்து அவளுடைய சாவு மாறியது. மனைவியும் ஓர் அந்நியனும் சேர்ந்து கொன்றால், அவன் செய்தது கொலை, அவள் செய்தது சிறுதுரோகம். கேத்தரின் ஹேய்ஸ் எரிக்கப்பட்டதும் இப்படித்தான். ஆனால் அவள் ஏவிவிட்டு அவ்விடத்தில் இல்லாமல் இருந்தால், அவள் உடந்தை மட்டுமே. உடந்தையின் குற்றம் முதற்குற்றவாளியின் குற்றத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. கொன்ற அந்நியன் அந்தக் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டியவன் அல்லன் என்பதால் அவன் செய்தது வெறும் கொலை. ஆகவே அவளும் கொலைக்கு உடந்தையாகிறாள், தூக்கிலிடப்படுகிறாள், எரிக்கப்படுவதில்லை. நீதிபதி எட்வர்ட் கோக் இதைத் தம் நூலில் தெளிவாக எழுதியிருக்கிறார்.

1573இல் லண்டன் வணிகர் ஜார்ஜ் சாண்டர்ஸ், ஷூட்டர்ஸ் ஹில் அருகே ஜார்ஜ் பிரவுன் என்பவனால் கொல்லப்பட்டார். மனைவி ஆன் சாண்டர்ஸுக்கு அதில் பங்கு இருந்தது உறுதியானது. ஆனால் கொலை நடந்த இடத்தில் அவர் இல்லை. அவரை ஸ்மித்ஃபீல்டில் தூக்கிலிட்டார்கள். கொன்றவன் அந்நியனாக இல்லாமல் அந்த வீட்டு வேலையாளாக இருந்திருந்தால், அவன் செய்தது சிறுதுரோகமாகி, அவரும் சிறுதுரோகத்துக்கு உடந்தையாகியிருப்பார்.

துரோக வழக்கு என்பதால் குற்றம் சாட்டப்பட்டவளுக்கு ஏதேனும் பாதுகாப்பும் கிடைத்ததா?

ஒன்று கிடைத்தது. ஆறாம் எட்வர்டின் காலத்துச் சட்டங்கள் துரோகக் குற்றத்துக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றன. அது சிறுதுரோகத்துக்கும் பொருந்தியது. சாதாரணக் கொலையை ஒரே சாட்சியைக் கொண்டும் மெய்ப்பிக்கலாம்.

அதற்காக இரண்டாம் சாட்சி இல்லாவிட்டால் விடுதலை என்று எண்ண வேண்டாம். சிறுதுரோகத்துக்குள் கொலையும் அடங்கியிருப்பதால் ஜூரி அவளைக் கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கலாம். 1787இல் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் எசமானியைக் கொன்றதாகச் சிறுதுரோகக் குற்றம் சாட்டப்பட்ட ஹென்ரியட்டா ராட்போர்ன் என்ற பணிப்பெண்ணின் வழக்கில் அவ்வாறே நடந்தது. நீதிபதிகளும் அத்தீர்ப்பைச் செல்லும் என்றார்கள். சாட்சிகளின் எண்ணிக்கை தீயா தூக்கா என்பதைத் தீர்மானித்தது, அவ்வளவே.

இந்தத் தண்டனை எப்படி ஒழிந்தது? பெண்களுக்காக யாராவது போராடினார்களா?

அடிமை வணிகத்துக்கு எதிராகப் பின்னர் புகழ்பெற்ற வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் 1786இல் கொண்டுவந்த மசோதாவில் இந்த எரிப்பைக் கைவிடும் விதியும் இருந்தது. மக்களவை அதை ஏற்றது. பிரபுக்கள் அவையில் லஃபரோ பிரபுவின் எதிர்ப்பால் வீழ்ந்தது.

அடுத்த முயற்சிக்குத் தூண்டுதலாக அமைந்தவர்கள் கணவனைக் கொன்ற பெண்கள் அல்லர். கள்ள நாணயம் செய்வதும் பெருந்துரோகமாக இருந்ததால் அதற்கும் பெண்களை எரித்தார்கள். தூக்குமேடை 1783இல் டைபர்னிலிருந்து நியூகேட் சிறை வாசலுக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆகவே இந்தத் தீ இப்போது நெருக்கமான குடியிருப்புகளின் நடுவே மூட்டப்பட்டது. 1786இல் ஃபீபி ஹாரிஸ், 1788இல் மார்கரெட் சல்லிவன், 1789இல் கேத்தரின் மர்ஃபி ஆகியோர் அங்கே எரிக்கப்பட்டார்கள். மர்ஃபியோடு அதே குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்ட அவருடைய கணவருக்குத் தூக்கு மட்டுமே. அப்போது, தண்டனைகளை நிறைவேற்றும் பொறுப்புடைய லண்டனின் ஷெரீஃபாக இருந்தவர், டான்டன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரான பெஞ்சமின் ஹாமெட். இத்தகைய தண்டனையை நிறைவேற்ற மறுக்கும் ஷெரீஃப் தாமே வழக்குக்கு உள்ளாவார் என்பதை எடுத்துக்காட்டி, 1790இல் அவர் கொண்டுவந்த மசோதா சட்டமானது. எரிப்பதற்கு மாற்றாகத் தூக்கு வந்தது. அவ்வேளையில் எரிப்புத் தண்டனையோடு காத்திருந்த சோஃபியா கர்டன் உயிர் தப்பி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

1790க்குப் பிறகு கணவன் கொலையும் மற்றக் கொலையைப் போல ஆகிவிட்டதா?

உடனே ஆகவில்லை. தீ போனது, துரோகம் என்ற வகைப்பாடு இருந்தது. மேலும் 38 ஆண்டுகள், கணவனைக் கொன்ற மனைவி சிறுதுரோகம் செய்தவளாகவே தீர்ப்புப் பெற்று, மரச் சட்டத்தில் இழுத்துச் செல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட வேண்டியவளாக இருந்தாள். 1828ஆம் ஆண்டுச் சட்டம்தான் சிறுதுரோகம் என்ற குற்றத்தையே நீக்கி, அதை வெறும் கொலையாக்கியது. இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டபோது அது மறைந்துவிட்டிருந்ததால், அச்சட்டத்தின் கொலைப் பிரிவில் இத்தகைய பாகுபாடு இடம்பெறவே இல்லை.

இப்போது இங்கிலாந்தில் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே சட்டம்தானே? இன்னும் என்ன குறை?

எழுத்தில் ஒரே சட்டம்தான். ஆனால் 1949இல் ரெனே டஃபி என்ற பெண்ணின் வழக்கில், ஆத்திரமூட்டல் என்ற எதிர்வாதத்துக்குத் திடீரென்றும் தற்காலிகமாகவும் தன்னடக்கம் இழந்திருக்க வேண்டும் என்று நீதிபதி டெவ்லின் விளக்கினார். ரெனே, தம்மைத் துன்புறுத்திய கணவனை, அவன் படுக்கையில் இருந்தபோது கொன்றவர். கொலைக் குற்றம் உறுதியானது. ஓங்கிய கைக்கு உடனே பதிலடி கொடுக்கும் வலிமையுள்ளவருக்கே அந்த ‘திடீர்’ என்ற அளவுகோல் பொருந்தும். பல ஆண்டுகள் அடிபட்டு, எதிர்த்து நிற்க முடியாமல், அவன் உறங்கும்வரை காத்திருந்த பெண்ணுக்கு அது பொருந்தாது. மேலே மேடியின் வழக்கில் கண்ட சாய்வு, துரோகச் சட்டம் போன பின்னும் இந்த வடிவில் நீடித்தது என்றே கருதுகிறேன்.

பஞ்சாபில் பிறந்து, மணமாகி இங்கிலாந்து சென்று, பத்தாண்டுக் கொடுமைக்குப் பின் 1989இல் உறங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீவைத்த கிரண்ஜித் அலுவாலியாவின் மேல்முறையீட்டில், 1992இல் கொலைத் தீர்ப்பு நீக்கப்பட்டது. மனநிலைக் குறைவின் அடிப்படையில் குறைந்த குற்றம் ஏற்கப்பட்டு அவர் விடுதலையானார். ‘திடீர்’ என்ற நிபந்தனையை அந்த நீதிமன்றம் அப்போதும் விட்டுவைத்தது. 2009ஆம் ஆண்டுச் சட்டம் பழைய ஆத்திரமூட்டல் விதியை ஒழித்து, தன்னடக்க இழப்பு திடீரென்று நேர்ந்திருக்க வேண்டியதில்லை என்று வெளிப்படையாக எழுதியது. அது 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது.